மாப்பிள்ளை கிளம்பும் நேரம்

பனி காயாமல் வைக்கோல் கட்ட முடியாது. வெயில் ஏறுவதற்கு முன்னால் மெஷினை வயலில் இறக்கினால் ஈர வைக்கோல் உருளையில் சுற்றிக்கொள்ளும். அதைப் பிரித்தெடுக்கவே பாதிப் பகல் போய்விடும். அறுவடை மெஷின் நெல்லை வாங்கிக்கொண்டு, வரிசை வரிசையாகப் பின்னால் தள்ளிவிட்டுப் போன வைக்கோல் அது. நல்ல வெயில் பட்டு மொறமொறப்பாகும்வரை ஹம்தான் வரப்பில் நின்று, ஒரு பிடி அள்ளி முறுக்கிப் பார்ப்பான். ஒடிந்தால் டிராக்டரைக் கிளப்பச் சொல்வான். அதற்கப்புறம் பொழுது சாய்ந்து மறுபடி பனி இறங்கும்வரை மெஷின் நிற்காது. தை, மாசி இரண்டு மாதம் இப்படி ஓடினால்தான் அவனுக்கு மிச்ச வருஷம் ஓடும். கட்டுகள் லாரியேறி நாமக்கல்லுக்கும் கேரளாவுக்கும் மாட்டுத் தீனியாகப் போகும்.

இந்த வருஷம் மெஷினோடு வயலுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தது. வேப்பமரத்து நிழலில் போட்ட அந்த நாற்காலியில் ஹம்தானின் வாப்பா மீரா உசேன் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கைலி, முழுக்கைச் சட்டை, தலையில் தொப்பி. கீழ்வேளூர் ரோட்டில் நாற்பது வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தவர். ஒரு பார்வையில் சாக்கின் எடை சொன்ன மனுஷன் இப்போது எதிரில் இருப்பது எந்தப் பயிர் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், மேற்பார்வைக்குப் புது ஆளு போட்டுட்டீங்க போல," என்றான் பகலவன். டிராக்டர் அவனுடையது, கட்டு மெஷின் ஹம்தானுடையது. இரண்டு பேரும் கூட்டாகத் தொழில் செய்கிறார்கள்.

"சம்பளம் கேக்காத ஆளு. கெடைக்கிறப்ப வச்சுக்கணும்."

"எங்க வூட்லயும் ஒருத்தி இருக்கா மேற்பார்வைக்கு. அவ சம்பளம் முழுசும் வாங்கிக்கிறா."

மீரா உசேன் கையைக் காட்டிக் கூப்பிட்டார். "தம்பி, இது யாரு வயலு?"

"செம்மொழி டீச்சர் வயலுங்க அய்யா."

"நடவு முடிஞ்சிருச்சா?"

"அறுப்பே முடிஞ்சிருச்சுங்க."

"அதுக்குள்ளயா?" என்று வியந்தார் பெரியவர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "நடவு முடிஞ்சிருச்சா?" என்றார். பகலவன் சலிக்காமல் மறுபடியும் அறுப்பு முடிந்த சேதியைச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் அவர் அதே மாதிரி வியந்தார்.

மத்தியானம் மனைவி ஜொஹரா கட்டிக் கொடுத்திருந்த சோற்றைப் பிரித்தான் ஹம்தான். மத்தி மீன் ஆணம், முருங்கைக்கீரை. முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டு வாப்பாவுக்கு உருட்டிக் கொடுத்தான். அவர் இரண்டு உருண்டைக்கு மேல் வாங்கவில்லை.

"போதும் தம்பி. பொண்ணு வூட்ல ரொம்பத் தின்னாச் சிரிப்பாங்க."

சாப்பிட்ட கையோடு கைலியை நனைத்துக்கொண்டார். ஹம்தான் அவரைப் போர் செட்டுப் பக்கம் நடத்திப்போய், கழுவிவிட்டு, வேறு கைலி கட்டிவிட்டான். நனைந்ததைப் பிழிந்து வரப்பில் காயப்போட்டான். பகலவன் அந்த நேரம் பார்த்து மெஷினுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு சணல் கயிறு சரியாக ஓடுகிறதா என்று ரொம்ப நேரம் பார்த்தான்.

கிழக்கே கடல் பக்கம் மேகம் கட்டியிருந்தது. மாசியில் மழை வரக் கூடாது. ஆனால் இப்போதெல்லாம் மாசமும் மழையும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதில்லை. பொழுது இறங்குவதற்குள் டீச்சர் வயலை முடித்தாக வேண்டும் என்று இரண்டு பேரும் வெறி பிடித்த மாதிரி வேலை செய்தார்கள். மெஷின் கட்டைத் துப்பத் துப்ப, ஹம்தானும் ஆட்களும் உருட்டிப்போய் லாரியில் ஏற்றினார்கள். தூசு மூக்கையும் கண்ணையும் அடைத்தது. கடைசிக் கட்டை ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது மேற்கே சிவந்திருந்தது. வேப்பமரத்தடியில் நாற்காலி காலியாக இருந்தது.

ஹம்தான் பதறவில்லை. பைக்கை எடுத்தான். எங்கே போயிருப்பார் என்பது தெரியும்.

மரைக்காயர் தெருவில் பச்சைக் கதவு போட்ட வீடு அது. வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடியாக வைத்துவிட்டு மீரா உசேன் நின்றுகொண்டிருந்தார். கால் இரண்டும் முழங்கால்வரை சேறு. வாய்க்கால் கரை வழியாகவே நடந்து வந்திருக்கிறார். கதவைத் தட்டவில்லை. தொண்டையைச் செருமி, இருமி, கொஞ்சம் நின்று, மறுபடியும் இருமினார்.

வீட்டில் வாடகைக்கு இருந்த பெண் ஜன்னல் வழியாக ஹம்தானைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள். திருச்சிப் பக்கத்துக்காரி. புருஷனுக்கு இங்கே வங்கியில் வேலை.

"சார், இந்த வாரத்துல எத்தனை தடவைன்னு நானே எண்றத நிறுத்திட்டேன். தட்டினாலாவது என்னன்னு கேக்கலாம். இப்படி இருமிக்கிட்டே நின்னா? புள்ளைங்க பயப்படுதுங்க."

"மன்னிச்சுக்கங்கம்மா. இது அவரு இருந்த வீடு."

"அது தெரியும் சார். பாவமாத்தான் இருக்கு. ஆனா நான் தனியா இருக்கேன் பாருங்க."

"வாங்க வாப்பா, போவோம்."

மீரா உசேன் அவனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "கபீரு, நல்ல வேளை வந்தே. உள்ளாற யாருக்கும் காது கேக்கல போல இருக்கு."

அஹமது கபீர் அவருடைய கூட்டாளி. கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். அவர் மவுத்தாகிப் பல வருஷம் ஆகிறது. பகலில் மீரா உசேனுக்கு மகனை மகன் என்று ஓரளவு தெரியும். பொழுது சாய்ந்துவிட்டால் ஹம்தான் கபீராகிவிடுவான்.

அவர்கள் ஊரான மேலப்பட்டினத்தில் வீடு என்பது பெண்ணுக்கு. மகள் பிறந்தால் அவளுக்கென்று ஒரு வீடு கட்டுவார்கள், இல்லாவிட்டால் இருக்கிற வீட்டை எழுதிவைப்பார்கள். மகன் பெண் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போவான். மீரா உசேன் கமருன்னிஸாவைக் கட்டிய காலத்தில் அதிலும் ஒரு முறை இருந்தது. மாப்பிள்ளை பகலெல்லாம் தாய் வீட்டில் இருப்பார், அங்கேதான் சாப்பாடு, அங்கிருந்துதான் கடைக்குப் போவார். பொழுது சாய்ந்து மஃரிபு தொழுதபின் பெண் வீட்டுக்கு வருவார். வாசலில் நின்று இருமுவார். பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போனபின் நேரே தன் அறைக்குப் போய்விடுவார். விடியற்காலை சுபுஹு பாங்கு சொல்வதற்கு முன்னால், வீடு விழிப்பதற்கு முன்னால், எழுந்து தாய் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். விடிந்த பிறகும் மாமியார் வீட்டில் படுத்துக் கிடக்கிற மாப்பிள்ளையைத் தெரு முழுக்கக் கேலி பேசும். உம்மா உயிரோடு இருந்தவரை மீரா உசேன் இப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தார். அப்புறம் அந்த வழக்கமெல்லாம் போய்விட்டது. அவரும் பகலில் மனைவி வீட்டிலேயே சாப்பிட்டார், அங்கேயே பிள்ளைகளை வளர்த்தார், அங்கேயே கிழவரானார்.

கமருன்னிஸா மவுத்தானதும் வீடு மகள் ஃபஹ்மிதாவுக்கு வந்தது. முறைப்படி வாப்பாவையும் அவள்தான் வைத்துக்கொண்டாள். வீட்டில் எப்போதும் ஒரு பெண் இருப்பாள் என்று நம்பி ஏற்பட்ட முறை அது. ஃபஹ்மிதாவின் மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது, மகனுக்குக் கல்லூரி கிடைத்தது, ஷார்ஜாவிலிருந்த புருஷன் அஸாரும் சென்னைக்கே திரும்பிவிட்டார். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வாப்பாவையும் கூட்டிக்கொண்டு அவள் போனாள். அங்கே ஆறாவது மாடி. தினம் விடிவதற்கு முன்னால் வாப்பா எழுந்து, முகம் கழுவி, லிஃப்ட்டுக்கு முன்னால் போய் நிற்க ஆரம்பித்தார். உம்மா வீட்டுக்குப் போக வேண்டுமாம். யாருக்கும் புரியவில்லை. ஒருநாள் லிஃப்ட் திறந்திருந்தது. தாம்பரத்தில் ஒரு டீக்கடைக்காரர் பிடித்துவைத்துப் போலீசில் சொல்லித்தான் ஆள் கிடைத்தார். அடுத்த வாரம் அஸாரே கார் வைத்து ஊரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

ஹம்தானுக்கென்று வீடு கிடையாது. அவன் இருப்பது ஜொஹரா வீடு. சட்டப்படி அதுகூட இன்னும் அவள் உம்மா பேரில்தான் இருக்கிறது. அவன் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை. மாப்பிள்ளை தன் வாப்பாவைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டதாக அந்தத் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் ஜொஹரா முகம் சுளிக்கவில்லை. கூடத்தில் கட்டில் போட்டுக் கொடுத்தாள்.

கஷ்டம் வந்தது மாமிக்கு, ஜொஹராவின் உம்மாவுக்கு. எழுபது வயது. மருமகன் முன்னால் வரலாம், மருமகனின் வாப்பா அந்நிய ஆண். அவர் கூடத்தில் இருந்ததால் மாமி அறையைவிட்டு வெளியே வருவது நின்றுபோயிற்று. சாப்பாடு அறைக்கே போனது. குளிக்க வேண்டுமென்றால் ஜொஹரா முதலில் வந்து கூடத்துத் திரையை இழுத்துவிட வேண்டும். சமையலறையில் சட்டியைத் திறந்து உப்புப் பார்க்காமல் மாமிக்குச் சோறு இறங்காது. இப்போது அறைக்குள்ளிருந்தே, "உப்புப் போட்டியா, புளி கரைச்சியா," என்று குரல் மட்டும் வந்தது.

அன்றைக்கு வாப்பாவின் கால் சேற்றைக் கழுவி, கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, ஹம்தான் வைக்கோல் தூசு போகக் குளிக்கப் போனான். ஜொஹரா மாவு அரைக்கிற மெஷினைப் போட்டிருந்தாள். மீரா உசேன் எழுந்தார். கூடத்தைக் கடந்து மாமியின் அறை வாசலுக்குப் போனார். அங்கே நின்று இருமினார். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் மாமியின் கட்டிலில் உட்கார்ந்தார்.

மாமி தொழுகைப் பாயில் இருந்தார். எழுந்து முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றுவிட்டார். வெளியே போக வேண்டுமானால் கட்டிலில் இருந்தவரின் முழங்காலை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். கத்தவும் இல்லை.

"கமரு, தண்ணி கொடு," என்றார் மீரா உசேன். "வெளிய ரொம்ப நேரம் நின்னேன். யாரும் தொறக்கல."

மாமி கையை மட்டும் நீட்டி, செம்பிலிருந்த தண்ணீரைக் கட்டில் ஓரம் வைத்தார்.

"உங்க உம்மா தூங்கிட்டாங்களா?"

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கட்டிலில் காலை நீட்டினார்.

ஹம்தான் தலையில் ஈரத்தோடு வந்து திரையை விலக்கியபோது, வாப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தார். மாமி இன்னும் மூலையில் சுவரோடு ஒட்டியே நின்றிருந்தார்.

விடிந்ததும் மாமி ஒரு பையில் துணிமணியை எடுத்துவைத்துக்கொண்டு, நாகப்பட்டினத்திலிருக்கும் இளைய மகள் வீட்டுக்குக் கிளம்பினார். ஆட்டோ வந்து நின்றது. ஹம்தான் எதிரில் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"மாப்புள, நான் உங்களக் குறை சொல்லல. அவரையும் குறை சொல்லல. அந்த மனுஷனுக்கு அல்லாஹ் புத்திய எடுத்துக்கிட்டான். ஆனா இது எங்க உம்மா எனக்குக் கொடுத்த வீடு. இத்தன வருஷத்துல அந்நிய ஆம்பள முன்னால நான் நின்னது கெடையாது. இந்த வயசுல அதப் பழகிக்கச் சொல்றீங்களா?"

"இல்ல மாமி. நீங்க போகாதீங்க. நான் வேற ஏற்பாடு பண்றேன்."

"பண்ணுங்க. பண்ணிட்டுச் சொல்லி அனுப்புங்க, வர்றேன்."

ஆட்டோ போனபின் ஜொஹரா வாசல் கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள்.

"மச்சான், எங்க உம்மா வீட்ட விட்டு எங்க உம்மாவே பை எடுத்துக்கிட்டுப் போறாங்க. தெருவுல எல்லாரும் பாக்குறாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

"எங்கயாவது ஒரு வீடு வாடகைக்குப் பாத்து நானும் வாப்பாவும் இருந்துக்கறோம்."

"நீங்க வயலுக்குப் போனா? அவரு யாரோட இருப்பாரு?"

"கூட்டிக்கிட்டுப் போறேன். இப்பப் போகலையா?"

"கூட்டிக்கிட்டுப் போய்த்தான் நேத்து பச்சைக் கதவு வீட்டு வாசல்ல நின்னாரு. சாயங்காலம் ஆனா அவருக்குக் கால் நிக்காது. சாயங்காலந்தான் உங்களுக்கு வேலை நெருக்கும். கட்டிப்போட்டுட்டு வேலை பாப்பீங்களா?"

அவள் எரிச்சலில் ஒரு பேச்சுக்குச் சொன்னது. ஆனால் அந்த வார்த்தை அவனோடு வயலுக்கு வந்தது.

மேகம் இன்னும் கீழே இறங்கியிருந்தது. கைபேசியைப் பார்த்துப் பார்த்துப் பகலவன், "ராத்திரிக்கு வருதாம் பாய். இன்னிக்கு முடிச்சாத்தான் உண்டு," என்றான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பெரிய வயல். மழை பட்டால் வைக்கோல் கறுத்துப்போகும், கறுத்த வைக்கோலை மாடு மோந்துகூடப் பார்க்காது. சாப்பாட்டுக்குக்கூட மெஷினை நிறுத்தவில்லை. ஹம்தான் ஓடி ஓடி வாப்பாவைப் பார்த்துவிட்டு வந்தான். வெயில் மஞ்சளாக ஆனதும் மீரா உசேன் நாற்காலியிலிருந்து எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"உக்காருங்க வாப்பா."

உட்கார்ந்தார். ஹம்தான் திரும்பினதும் எழுந்தார். மறுபடியும் உட்காரவைத்தான். மறுபடியும் எழுந்தார். மூன்றாவது தடவை ஹம்தான் மெஷினிலிருந்து சணல் கயிற்றை நீளமாக இழுத்து அறுத்து எடுத்துவந்தான். வாப்பாவின் மணிக்கட்டில் துண்டைச் சுற்றி, துண்டுக்கு மேலே கயிற்றைச் சுற்றி, நாற்காலிக் கையில் முடிந்தான். நாற்காலியை மரத்தோடு சேர்த்து இன்னொரு முடிச்சுப் போட்டான். கட்டு கட்டிப் பழகிய கை. ஒரு நிமிஷங்கூட ஆகவில்லை.

மீரா உசேன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கபீரு, இது என்ன சடங்கு?"

"இருங்க. இப்ப வந்துடறேன்."

"இது நம்ம ஊர் வழக்கம் இல்லையே. பொண்ணு வூட்டுப் பக்கமா?"

ஹம்தான் ஓடிவிட்டான். கட்டுகளை உருட்டினான், ஏற்றினான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே உருட்டினான். திடீரென்று டிராக்டர் சத்தம் நின்றது. வயல் முழுக்க ஓசையில்லாமல் போனது. பகலவன் இறங்கி வரப்பைத் தாண்டி வேப்பமரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். குந்தி உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். வரவில்லை. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான்.

ஹம்தான் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"மழை வருது பகலவன்."

"வரட்டும்."

"பாதி வயலு கிடக்குது."

"கிடக்கட்டும் பாய். எங்க தாத்தாவ இப்படித்தான் ஒரு பண்ணையில கட்டி வச்சிருந்தாங்கன்னு எங்கப்பா சொல்லும். நான் பாத்தது கெடையாது. இன்னிக்குப் பாத்துட்டேன்." அவன் குரலை உயர்த்தவில்லை. அறுத்த கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்தான். "நீங்க கெட்ட ஆளு இல்ல. எனக்குத் தெரியாதா? முடியலன்னா முடியலன்னு ஆயிடுச்சு. இவரக் கூட்டிக்கிட்டுப் போங்க. நானும் ஆளுங்களும் முடிஞ்ச வரைக்கும் பாக்கறோம்."

மீரா உசேன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "இந்தப் புள்ள யாரு? ரொம்ப மரியாதை தெரிஞ்ச புள்ள," என்றார்.

மழை அன்று இருட்டுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. பாதி வயல் வைக்கோல் தண்ணீரில் கிடந்தது.

இரண்டு நாள் கழித்து, மழை இன்னும் விடாத ராத்திரி, ஹம்தான் மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே நின்றுகொண்டு ஃபஹ்மிதாவுக்குப் பேசினான். மழைச் சத்தத்தில் இரண்டு பேரும் கொஞ்சம் கத்தவேண்டியிருந்தது.

"முதியோர் இல்லம்னா? அநாதைங்க இருக்கிற எடமா காக்கா?" என்றாள் தங்கை.

"புள்ளைங்க இருக்கிறவங்களும் இருக்காங்க. நம்ம தெரு சைபுல்லா அவங்க பெரியவாப்பாவ அங்கதான் விட்டிருக்கான். பாபநாசத்துக்கு அந்தாண்ட. போய்ப் பாத்துட்டு வந்தேன். சுத்தமா இருக்கு."

"ஊர்ல என்ன பேசுவாங்க?"

"நீ ஊர்ல இல்லையே. நாந்தான கேட்டுக்கப் போறேன்."

அழுதாள். "இங்கயே அனுப்பிடுங்க காக்கா. நான் வேலைக்கு ஆள் வச்சுப் பாத்துக்கறேன்."

"அஸார் மச்சான் என்ன சொல்றாரு?"



"லிஃப்ட்டப் பூட்ட முடியாது காக்கா," என்றாள். "மத்த வீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க."

"சரி."

"உம்மா இருந்தா..."

"உம்மா இருந்தா அது உம்மா வீடு. இப்ப உன் வீடு. நீ அங்க இல்ல. நான் உன்னைத் தப்புச் சொல்லல, ஃபஹ்மி. நமக்கு இதுக்கு மேல தெரியல, அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தபின் கிளம்பினார்கள். ஜொஹரா வாப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள். தாடியைச் சீவிவிட்டாள். காதுக்குப் பின்னால் அத்தர் தடவினாள். பையில் கைலிகளையும் துண்டுகளையும் மாத்திரைகளையும் அடுக்கி, எது எதற்கு என்று ஹம்தானுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அத்தர் வாசத்தில் வாப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. முதுகை நிமிர்த்திக்கொண்டு காரில் ஏறினார்.

மழை விட்டு வெயில் அடித்தது. கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுவந்து நனைந்த நெல்லைச் சாலையில் பாதியை அடைத்துக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். பெண்கள் காலால் கிளறிக்கொண்டே நடந்தார்கள். சில குவியல்களில் நெல் முளைத்து வெள்ளை வேர் விட்டிருந்தது. கார் ஊர்ந்து ஊர்ந்துதான் போனது.

"மாப்புள ஊர்வலம் மெதுவாத்தான் போவும்," என்றார் மீரா உசேன். "பைத்துப் பாடுறவங்க முன்னாடி போறாங்களா?"

"போறாங்க."

"சத்தமே கேக்கல."

"ரொம்ப முன்னாடி போயிட்டாங்க."

அவர் கையை மடிமேல் வைத்துக்கொண்டு திருப்தியாக வெளியே பார்த்தார். கும்பகோணம் சாலையில் ஏறும்போது ஒருமுறை ஹம்தானின் முழங்காலைத் தட்டி, "பயமா இருக்கு கபீரு," என்றார். "சிரிக்காத. உனக்கும் ஒருநாள் ஆவும், அப்பத் தெரியும்."

இல்லம் வயலுக்கு நடுவில் இருந்தது. புதுக் கட்டடம், நீளமான கூடம், வரிசையாகக் கட்டில்கள், சுவரோரம் நாற்காலிகளில் கிழவர்கள். வெளி வராந்தாவுக்குக் கிரில் கதவு. பார்த்துக்கொள்கிற ஈஸ்வரி என்ற பெண் சிரித்துக்கொண்டே எதிரில் வந்தாள்.

"வாங்க அய்யா. ரொம்ப அழகா வந்திருக்கீங்களே. பேரு என்னங்க அய்யா?"

மீரா உசேன் தலையைக் குனிந்துகொண்டார். பெண்ணை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஹம்தான் பேரைச் சொன்னான்.

ஈஸ்வரி அவனைத் தனியே கூப்பிட்டாள். "சார், ஒரு மாசத்துக்கு வராம இருந்தா நல்லது. உங்களப் பாத்தா கூடக் கெளம்பணும்னு நிப்பாங்க. பழகினப்புறம் வாங்க. தினம் போன் பண்ணுங்க, நான் எடுத்துப் பேசுவேன்."

"விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு வெளிய போகணும்பாரு."

"இங்க பாதிப் பேரு அப்படித்தான் சார். ஒருத்தரு வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போவாரு, ஒருத்தரு பஸ்ஸப் பிடிப்பாரு. நாங்க பேசிப் பேசிப் படுக்க வச்சுடுவோம்."

வாப்பாவுக்கு ஒதுக்கிய கட்டில் கூடத்தின் கோடியில் இருந்தது. விரிப்பு புதுசு. அவர் நுனியில் உட்கார்ந்து, சுற்றிலும் இருந்த கிழவர்களுக்கு ஸலாம் சொன்னார். ஒருவர் பதிலுக்கு வணக்கம் வைத்தார். மற்றவர்கள் பார்த்தார்கள்.

"பெரிய குடும்பம் போல," என்றார் மெதுவாக. "ஆம்பளைங்களே நெறைய இருக்காங்க. நல்ல ஆளுங்கதானே கபீரு? விசாரிச்சியா?"

"விசாரிச்சேன். நல்ல ஆளுங்கதான்."

"ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லு. நான் கேக்கக் கூடாது, மாப்புள கேட்டா மரியாதை இல்ல. சுபுஹுக்கு முன்னாடி எனக்குக் கதவத் தொறந்துவிடுவாங்களா?"

ஹம்தான் எழுந்து ஈஸ்வரியிடம் போனான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை. கேட்டே விட்டான்.

"கிரில் கதவுப் பூட்ட விடிஞ்சு பால் வரும்போதுதான் சார் தொறப்போம். வண்டி போனதும் பூட்டிடுவோம். ஏன், எதாச்சும் கொண்டாரணுமா?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

திரும்பி வந்தான். வாப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொறந்துவிடுவாங்களாம்."

"அல்ஹம்துலில்லாஹ்." அவர் தோள் இளகியது. "நல்ல குடும்பந்தான். அப்ப நீ கெளம்பு. தோழன் இருட்டுற வரைக்கும் பொண்ணு வூட்ல நிக்கக் கூடாது."

ஹம்தான் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தான். குனிந்து அவர் கையைப் பிடித்தான். மணிக்கட்டில் கயிற்றின் தடம் இன்னும் லேசாகச் சிவந்திருந்தது.

"வாப்பா, நான் வர்றேன்."

அவர் அந்தச் சொல்லைக் கவனிக்கவில்லை. அவன் காதருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்:

"போற வழியில எங்க உம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. காலையில பசியாற வந்துடுவேன், எனக்கு எடுத்து வைக்கச் சொல்லு."

"சொல்லிடறேன்."

அவன் கூடத்தைக் கடந்து வராந்தாவுக்கு வந்தான். ஈஸ்வரி கிரில் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டி, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.